நம் கம்பையும் கேப்பையையும் வாங்குவதாக இருந்தால், சிறு பீர் ஆலைக்கு அனுமதி கொடுக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பனை பாளை விடும் பருவம் வந்துவிட்டால் கள் தடையைப் பற்றிய கடிதங்கள் தங்கள் பக்கத்தில் வரத் தொடங்கிவிடும். 1987 ஜனவரியிலிருந்து இருக்கும் தடை அது. பனையேறிகள் கேட்பது நியாயம் என்பதே என் எண்ணம். அதை என்னைவிட அவர்களே நன்றாகச் சொல்கிறார்கள். நான் எழுதுவது அதற்குப் பக்கத்து விஷயம்: தானியத்தில் வடிக்கும் பீர். அதிலும், கடைக்குள்ளேயே வடித்து அங்கேயே பரிமாறும் சிறு ஆலைகள். மதுரை வட்டாரத்தில் அப்படி ஒரு சில ஆலைகளுக்கு அரசு அனுமதி கொடுக்க வேண்டும். நம் புஞ்சைத் தானியத்தை வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டளையோடு கொடுக்க வேண்டும். இதுதான் என் கோரிக்கை.

நான் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கீழமாசி வீதியில் சிறுதானிய மொத்த வியாபாரம், தாத்தா காலத்துக் கடை. பேரையூர், டி.கல்லுப்பட்டி, கள்ளிக்குடி பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து குதிரைவாலி, சோளம், கம்பு எல்லாம் எங்களுக்கு வரும். ஆகவே நான் கேட்பது நடந்தால் எனக்கும் ஆதாயம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

போன மார்கழியில், அரையாண்டு விடுமுறை விட்டதும், பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதர்கள் சேர்ந்து பெங்களூருக்குப் போனோம். ஒருவர் கணக்கு வாத்தியார், ஒருவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், இன்னொருவர் சிம்மக்கல்லில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். ராத்திரி மைசூர் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் அங்கே. குளிருக்கு மஃப்ளர் சுற்றிக்கொண்டு லால்பாக்கில் நடப்பது, மதியம் நல்ல சாப்பாடு, சாயங்காலம் அங்கே வடிக்கும் பீர்களை ருசி பார்ப்பது என்று திட்டம். காரை யாரும் எடுக்கக் கூடாது, மெட்ரோவில்தான் போய் வர வேண்டும் என்று வாத்தியார் கிளம்பும்போதே சொல்லிவிட்டார். அவர் குடிப்பதில்லை. எங்களோடு உட்கார்ந்து எலுமிச்சை சோடா குடித்தார், ஒவ்வொரு கிளாஸையும் மோந்து பார்த்து வாசனையைச் சரியாகச் சொன்னவரும் அவர்தான்.

பெங்களூரில் 2010-ஐ ஒட்டி இந்தச் சிறு ஆலைகள் தொடங்கின. இன்றைக்கு இந்திராநகர், கோரமங்கலா பக்கம் திரும்பிய இடமெல்லாம் இருக்கின்றன. உள்ளே போனால் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் செம்பிலும் எவர்சில்வரிலும் பெரிய பெரிய அண்டாக்கள் தெரியும். சுவரில் ஒரு பலகை. அன்றைக்கு என்னென்ன பீர் இருக்கிறது, எந்தத் தானியத்தில் செய்தது, எத்தனை சதவீதம் சாராயச் சத்து, எவ்வளவு கசப்பு என்று எல்லாம் எழுதிப் போட்டிருக்கிறார்கள். எடுத்ததும் முழு கிளாஸ் வாங்க வேண்டியதில்லை. சாம்பிளர் என்று கேட்டால் ஒரு மரப்பலகையில் வரிசையாகச் சின்ன கிளாஸ்களில் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வரும். பிடித்ததை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

இதுதான் என்னை முதலில் பிடித்தது. எங்கள் தொழிலில் குத்தூசி என்று ஒன்று உண்டு. மூட்டையைப் பிரிக்காமல், ஊசியைக் குத்தி இழுத்தால் உள்ளே இருக்கும் தானியம் ஒரு பிடி கையில் வந்து விழும். பார்த்து, மோந்து, பல்லில் கடித்து, அப்புறம்தான் விலை பேசுவோம். அந்தப் பலகையைப் பார்த்ததும் குத்தூசி போட்டு எடுத்த மாதிரிகளை வரிசையாக வைத்தது போல இருந்தது. வாங்குகிறவன் தெரிந்து வாங்குகிறான். நம் ஊரில் கம்பி வலைக்குள் கையை நீட்டி எந்தச் சரக்கு கிடைக்கிறதோ அதை வாங்கி, நின்ற இடத்தில் ஊற்றிக்கொண்டு போகிறவனுக்கு, அது எதில் செய்தது என்று கேட்கவும் தோன்றுவதில்லை, சொல்லவும் ஆள் இல்லை.

கோதுமை பீர் ஒன்று கலங்கலாக வந்தது. வாத்தியார் மோந்துவிட்டு, "வாழைப்பழம், கூடவே கிராம்பு" என்றார். எசன்ஸ் கலக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. பரிமாறிய பெண்ணிடம் கேட்டதற்கு, உள்ளே போய் வடிக்கிற பையனையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நல்ல தமிழ் பேசுகிற பையன், திண்டுக்கல் பக்கம் சொந்த ஊர். "பழமும் இல்ல, கிராம்பும் இல்லண்ணே. எல்லாம் ஈஸ்ட் பண்ற வேலை" என்றான். கோதுமை பீருக்கென்று ஒரு ஜாதி ஈஸ்ட் இருக்கிறதாம். அது சர்க்கரையைத் தின்று நுரைக்கும்போதே அந்த வாசனைகளையும் உண்டாக்கிவிடுமாம். ஸ்டவுட் என்ற கறுப்பு பீரில் காப்பி வாசம் அடித்தது. அதில் காப்பித் தூள் இல்லை, பார்லியைக் கருக வறுத்ததில் வந்தது. ஐ.பி.ஏ. என்ற ரகம் நல்ல கசப்பு. ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைப் போட்டுக் கொதிக்கவைப்பதால் வரும் கசப்பு அது. பீர் சீக்கிரம் கெட்டுப்போகாமல் காப்பதும் அந்தப் பூதான். நம் நாட்டில் அது இமாச்சலத்தில் லாஹுல் பள்ளத்தாக்கில் விளைகிறது. எனக்கு அந்தக் கசப்பு பிடித்தது. வங்கிக்காரர் ஒரு வாயோடு தள்ளி வைத்துவிட்டார்.

நான் என்ன வியாபாரம் என்று கேட்டதும் பையன் எங்களைத் தானிய அறைக்கே அழைத்துப்போனான். அடுக்கி வைத்த சாக்குகள். ஜெர்மனியிலிருந்து வந்த பார்லி முளை, அதாவது மால்ட். ஒரு பிடி அள்ளிக் கடித்துப் பார்த்தேன். மொறுமொறுவென்று உடைந்தது, உள்ளே மாவு தித்தித்தது. சாதாரணப் பார்லி அப்படி இருக்காது. ஊறவைத்து, நாலைந்து நாள் முளைக்கவிட்டு, முளை நீளும் முன்னால் சூட்டில் உலர்த்தி நிறுத்திவிடுகிறார்கள். முளைக்கும்போது தானியத்துக்குள் ஒரு நொதி உண்டாகிறது. பிறகு வெந்நீரில், 65 டிகிரி வாக்கில், ஒரு மணி நேரம் போட்டுவைத்தால் அந்த நொதி மாவில் பெரும்பகுதியைச் சர்க்கரையாக்கிவிடும். அந்தச் சர்க்கரைத் தண்ணீரை இறுத்து, ஹாப்ஸ் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, ஈஸ்ட் விட்டு, இரண்டு மூன்று வாரம் வைத்தால் பீர். இதில் எந்தப் படியும் நம் அடுப்படிக்குப் புதியது இல்லை. கேப்பையை, அதாவது கேழ்வரகை, ராத்திரி ஊறப்போட்டு, துணியில் கட்டித் தொங்கவிட்டு, முளை வந்ததும் காயவைத்து, வறுத்து அரைத்துப் பிள்ளைகளுக்குக் கூழ் கொடுக்காத வீடு எங்கள் பக்கம் இருந்ததில்லை. அது கேப்பை மால்ட்தான். மாரியம்மன் பொங்கலுக்கு முளைப்பாரி போடும் பெண்களைக் கேளுங்கள். எந்தத் தானியம் எத்தனை நாளில் முளைக்கும், எவ்வளவு தண்ணீர் தெளித்தால் அழுகும், எவ்வளவு இருட்டு வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

கடைசிச் சாக்கில்தான் கேப்பை இருந்தது. துமகூரு பக்கத்துக் கேப்பை. அதையும் பார்லியையும் சேர்த்து வடித்த பீரைக் கொண்டுவரச் சொன்னான். வாயில் கனக்காமல் லேசாக இருந்தது, கொஞ்சம் மண் வாசனை, முடிவில் ஒரு வறுத்த மணம். அன்று குடித்ததில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். இதை ஊர்ப்பாசத்தில் சொல்லவில்லை. அந்த மேசையில் இருந்த எல்லாரும் அதையே இரண்டாவது முறை கேட்டார்கள்.

கம்பில் செய்ய முடியாதா என்று கேட்டேன். முடியும், ஆனால் வேலை அதிகம் என்றான். கம்பு, சோளத்தின் மாவு வேக, பார்லியைவிடக் கூடுதல் சூடு வேண்டும். அதனால் முதலில் தனியாகக் கஞ்சியாகக் காய்ச்சி, பிறகு சூட்டைக் குறைத்துப் பார்லி முளையோடு சேர்க்க வேண்டும். அதோடு பார்லிக்கு உமி உண்டு. அந்த உமியே அண்டாவின் அடியில் படுத்து வடிகட்டியாகிவிடும். கம்புக்கும் கேப்பைக்கும் அது கிடையாது, அடைத்துக்கொள்ளும். அதற்கு நெல் உமியைக் கொஞ்சம் கழுவிச் சேர்ப்பார்களாம். உமிக்கு மதுரை ஜில்லாவில் பஞ்சமா?

ஊருக்குத் திரும்பியதிலிருந்து இது என்னை விடவில்லை. கிடைத்ததையெல்லாம் படித்தேன். நைஜீரியாவில் 1988-ல் பார்லி முளை இறக்குமதிக்குத் தடை போட்டார்கள். அங்கிருந்த பெரிய பெரிய பீர் கம்பெனிகள் உள்ளூர்ச் சோளத்துக்கு மாறின. இத்தனைக்கும் ஆப்பிரிக்காவின் கிராமங்களில் சோளத்தில் மது வடிப்பது காலகாலமாக உள்ளது. நம் நாட்டிலேயே சிக்கிமிலும் டார்ஜிலிங் மலையிலும் புளிக்கவைத்த கேப்பையை மூங்கில் குவளையில் போட்டு வெந்நீர் ஊற்றி, மூங்கில் குழலால் உறிஞ்சிக் குடிக்கிறார்கள். தோங்பா என்று பெயர். மார்கழிக் குளிருக்கு அது அந்த மலையின் பானம். தமிழ்நாட்டிலும் இது இருந்ததுதான். பெரும்பாணாற்றுப்படையில் குற்றாத அரிசியைக் கூழாகக் காய்ச்சி, அகன்ற தட்டில் ஆறவைத்து, முளையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழியும் முறை படிப்படியாக வருகிறது. திண்டுக்கல் பையன் எனக்குச் சொன்ன வரிசையும் ஏறக்குறைய அதுதான்.

இப்போது கரிசல் காட்டுக்கு வருகிறேன். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைக்கிற காடு. மார்கழி, தையில் அறுப்பு. 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. அந்த ஆண்டு எங்கள் கடைக்கு வந்து போட்டோ எடுத்தவர்கள் அதிகம். அந்தப் பரபரப்பு தணிந்துவிட்டது. 2025-26-க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்குக் கேழ்வரகு 4,886 ரூபாய், கம்பு 2,775 ரூபாய். குதிரைவாலிக்கும் சாமைக்கும் வரகுக்கும் தனியாக அப்படி ஒரு விலை அறிவிக்கவில்லை. அறுப்புக் காலத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் கொண்டுவருவார்கள், விலை படுத்துவிடும். ஒரு விவசாயி மூட்டையை இறக்கிவிட்டு, நான் சொல்கிற விலையைக் கேட்டுப் பேசாமல் நிற்பதைப் பார்ப்பது எனக்குச் சந்தோஷம் தருகிற காரியம் இல்லை. வாங்கி வைக்க என்னிடம் இடம் இருக்கிறது, விற்க ஆள் வேண்டும்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். 1,000 லிட்டர் பீருக்கு ஏறத்தாழ 200 கிலோ தானியம் வேண்டும். வாரம் 1,000 லிட்டர் வடிக்கிற ஒரு சின்ன ஆலைக்கு ஆண்டுக்குச் சுமார் 10 டன். அதில் நாற்பது சதவீதம் நம் தானியம் என்று விதித்தால் 4 டன். பத்து ஆலை வந்தால் 40 டன். மானாவாரியில் ஏக்கருக்கு 5 குவிண்டால் என்று வைத்தால் 80 ஏக்கர். பெரிய கணக்கு இல்லை, ஒரு கிராமத்துக் காடு. ஆனால் அந்த 80 ஏக்கருக்கு விதைக்கும்போதே வாங்குகிறவன் யார், என்ன விலை என்று தெரியும். புஞ்சைக்காரனுக்கு அது இதுவரை கிடைத்ததில்லை.

அதைவிட முக்கியம் முளைகட்டும் ஆலை. கம்பையும் கேப்பையையும் ஒரே அளவு ஈரத்தில், ஒரே பதத்தில், பூஞ்சை பிடிக்காமல் டன் கணக்கில் முளைகட்டி உலர்த்த இங்கே வசதி வேண்டும். வீட்டில் ஒரு படி முளைகட்டுவது வேறு, டன் கணக்கில் முளைகட்டுவது வேறு. பீர் ஆலைக்காக அப்படி ஒன்றை டி.கல்லுப்பட்டியிலோ திருமங்கலத்திலோ கட்டினால், அதே முளைத் தானியம் சத்துமாவுக்கும் போகும், பிஸ்கட்டுக்கும் போகும், குழந்தைகள் கூழுக்கும் போகும். குடிப்பவன் கொடுக்கிற காசில் கட்டிய ஆலையில் குடிக்காதவன் வீட்டுப் பிள்ளைக்கும் மாவு வரும். வடித்து எஞ்சிய சக்கையோ நல்ல மாட்டுத் தீவனம், பெங்களூரில் பால் மாட்டுக்காரர்கள் வந்து அள்ளிக்கொண்டு போகிறார்கள். உசிலம்பட்டிப் பக்கம் வீட்டுக்கு வீடு கறவை மாடு நிற்கிறது.

இதை எங்கள் குடோனில் சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே தானியம் புடைக்கும் பெண்களில் ஒருவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். புருஷனைக் குடிக்குப் பறிகொடுத்தவர். மூன்று பிள்ளைகளைப் புடைத்தே வளர்த்தவர். "புதுசா ஒரு கடையத் தொறக்கச் சொல்லி நீங்களுமா அண்ணாச்சி எழுதப் போறீங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இந்தக் கடிதத்தை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. குடியால் அழிந்த குடும்பம் எங்கள் தெருவிலும் உண்டு, தங்கள் வாசகர் எல்லார் தெருவிலும் உண்டு. மதுக்கடையை மூடச் சொல்லி ரோட்டில் உட்கார்ந்த பெண்களுக்கு எதிராக ஒரு சொல்லும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் நாம் எதைக் குடிக்கிறோம் என்று ஒரு முறை அளந்து பார்க்க வேண்டும். ஒரு குவார்ட்டர் பிராந்தி 180 மில்லி. அதில் 42.8 சதவீதம் சாராயச் சத்து. கணக்குப் போட்டால் 77 மில்லி சுத்தச் சாராயம். எட்டு சதவீத ஸ்ட்ராங் பீர் பாட்டில் 650 மில்லியில் 52 மில்லி. பெங்களூரில் ஒரு சாம்பிளர் பலகையில் எல்லா கிளாஸும் சேர்த்து 600 மில்லி, சராசரி ஐந்து சதவீதம் என்று வைத்தால் 30 மில்லி. அதையும் சாப்பாட்டோடு, பேசிக்கொண்டு, ஒரு மாலை முழுவதும் குடித்தோம். நம் ஊரில் 77 மில்லி கால் மணி நேரத்தில், வெறும் வயிற்றில், ஒரு ஊறுகாய்ப் பொட்டலத்தோடு உள்ளே போய்விடுகிறது. அந்தப் பிராந்தியில் பெரும்பாலும் இருப்பது கரும்பாலைக் கழிவுப் பாகிலிருந்து காய்ச்சிய சாராயம், மேலே நிறமும் வாசனையும். அதில் எந்தப் புஞ்சைக்காரனுக்கும் ஒரு மூட்டை கம்புக்கான காசு வரவில்லை.

சிறு ஆலை வந்தால் குவார்ட்டர் குடிக்கிறவர் இதற்கு மாறிவிடுவார் என்று நான் சொல்ல மாட்டேன். இது விலை கூடிய பானம், சம்பளக்காரர்கள் குடிப்பது. குடோன் அக்காவின் புருஷனை இது காப்பாற்றியிருக்காது. பீரிலும் சாராயச் சத்து உண்டு. அளவு மீறினால் ஈரல் கெடும், கடன் ஏறும். நான் கேட்பது ஒன்று: குடிக்கப்போகிற காசில் ஒரு பங்கு கரிசல் காட்டுக்கு வரட்டும். குடிக்கிறவர்களில் சிலராவது எதைக் குடிக்கிறோம், எவ்வளவு குடிக்கிறோம் என்று தெரிந்து குடிக்கட்டும்.

அந்த அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் புடைத்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப வெளிய கொண்டுபோக முடியாதுன்னு எழுதுங்க. பாட்டில் வீட்டுக்கு வரக்கூடாது" என்றார். நான் யோசித்து வைத்திருந்த எல்லா நிபந்தனைகளையும்விட அது பெரியது. ஆகவே அதையே முதல் நிபந்தனையாக வைக்கிறேன். வடித்த இடத்தில் உட்கார்ந்து குடிப்பது மட்டும். பாட்டிலும் கேனும் வாசலைத் தாண்டக் கூடாது. அந்த பீர் பதப்படுத்தாதது, குளிரிலேயே வைத்திருக்க வேண்டியது, தூக்கிக்கொண்டு அலைய ஏற்றதும் இல்லை.

சாராயச் சத்து ஐந்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சாப்பாடு இல்லாமல் பரிமாறக் கூடாது. 21 வயது என்ற சட்டத்தை வாசலிலேயே அடையாள அட்டையைப் பார்த்துக் காக்க வேண்டும். பள்ளி, கோவில், குடியிருப்புத் தெரு பக்கம் வேண்டாம். மாசி வீதிகளுக்குள் வேண்டவே வேண்டாம், எங்கள் வீதிக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஊருக்கு வெளியே சுற்றுச்சாலைப் பக்கம் இருக்கட்டும், ஆனால் குடித்தவர் வண்டி ஓட்டாமல் வீடு போக ஏற்பாடு செய்வது ஆலைக்காரர் பொறுப்பு என்று உரிமத்திலேயே எழுத வேண்டும். தானியம் எந்த ஊரிலிருந்து வந்தது, எத்தனை சதவீதம், என்ன விலைக்கு வாங்கியது என்று பலகையில் போட வேண்டும். குறைந்தது நாற்பது சதவீதம் மதுரை, விருதுநகர், தேனி, ராமநாதபுரம் மாவட்டத்துத் தானியமாக இருக்க வேண்டும். அதை விவசாயிகளின் உற்பத்தியாளர் குழுவிடமிருந்தே வாங்க வேண்டும், விதைப்புக்கு முன்பே ஒப்பந்தம் போட்டு. என்னைப் போன்ற வியாபாரி நடுவில் வேண்டாம் என்று அரசு முடிவு செய்தாலும் நான் தடை சொல்ல மாட்டேன்.

புதுச்சேரியில் இப்போது சிறு ஆலை வந்திருக்கிறது. கர்நாடகத்தில் இத்தனை ஆண்டுகளாக நடக்கிறது. அங்கேயெல்லாம் சட்டம் எழுதியவர்கள் தானியத்தைப் பற்றி யோசிக்கவில்லை. பெங்களூர்ப் பையனின் சாக்குகளில் பெரும்பாலானவை கப்பலில் வந்தவை. இங்கே சில்லறை மது விற்பனை 2003-லிருந்து டாஸ்மாக் கையில் இருக்கிறது. ஆகவே சட்டமும் கடையும் இரண்டும் அரசிடமே. நாம் தாமதமாகத் தொடங்குவதில் ஒரு லாபம் உண்டு, தானியத்தை முதல் வரியிலேயே எழுதிவிடலாம்.

மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை ஒவ்வோர் ஆண்டும் சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பில் இது பற்றி ஒரு பத்தி வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன்னால் ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியும் காமராசர் பல்கலைக்கழகத்து உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து நம் ஊர்க் கம்பு, கேப்பை, குதிரைவாலி ரகங்களில் எது நன்றாக முளைகட்டுகிறது, எதில் நொதி அதிகம், குதிரைவாலியின் உமி வடிகட்டப் பயன்படுமா என்று சோதித்துப் பார்க்கலாம். அவர்களுக்கு மாதிரி தேவைப்பட்டால், இந்தத் தை அறுப்பில் வரும் புதுத் தானியத்திலிருந்து ரகத்துக்கு ஒரு மூட்டை விலையில்லாமல் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். எந்தக் காட்டில் விளைந்தது, யார் விதைத்தது என்ற விவரத்தையும் சேர்த்தே தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு சிறுதானிய வியாபாரி,
கீழமாசி வீதி, மதுரை.